மேல்வீட்டுச் சத்தம்: கீழ்வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை நங்கநல்லூரில், பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்காக வந்தார்கள்: தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம், மேல்வீட்டுச் சத்தம். முதல் இரண்டையும் பேசும்போது கோபப்பட்டார்கள். மூன்றாவதைப் பேசும்போது சிலர் அழுதேவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும், நான் அன்று சொன்னவையும், பிறகு அனுபவத்தில் திருத்திக்கொண்டவையும் கீழே.

மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத சத்தம் எனக்கு மட்டும் தாங்க முடியவில்லை. என்னிடம்தான் ஏதேனும் கோளாறா?

இல்லை. ஒரே கட்டிலில் கணவர் அயர்ந்து தூங்குவார், மனைவி மேலே பார்த்தபடி விழித்திருப்பார். காது எல்லோருக்கும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. அதிலும், இதோ இப்போது வரப்போகிறது என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டால், சத்தத்தைவிட அந்தக் காத்திருப்புதான் தூக்கத்தைக் கெடுக்கும். “இதெல்லாம் ஒரு சத்தமா?” என்று வீட்டில் இருப்பவர்களே கேட்கும்போது மனம் இன்னும் நொந்துபோகிறது. அவர்களோடு வாதாட வேண்டாம். ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். மூன்று மாதம் பொறுத்துவிட்டு மேலே போய்ப் பேசுகிறவரின் குரலில் அந்த மூன்று மாதமும் சேர்ந்து வந்துவிடும். முதல் வாரத்திலேயே போனால் அது விசாரிப்பு. மூன்று மாதம் கழித்துப் போனால் அது சண்டை.

அவர்கள் பேசுவது ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. ஆனால் ஒரு கரண்டி விழுந்தால் தலையில் விழுந்ததுபோல் இருக்கிறது. ஏன்?

சத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி ஆகியவை காற்று வழியாக வருபவை. ஐந்து, ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் கனமானது. காற்று வழியாக வரும் சத்தத்தை அது நன்றாகவே தடுத்துவிடும். ஆனால் நடப்பது, குதிப்பது, நாற்காலியை இழுப்பது, தேங்காயைத் தரையில் உடைப்பது எல்லாம் தளத்தையே நேராகத் தட்டுகின்றன. கான்கிரீட் இறுக்கமான பொருள் என்பதால் அந்த அதிர்வைச் சிந்தாமல் சிதறாமல் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். மிருதங்கத்தின் தோலை மேலிருந்து தட்ட, நீங்கள் அதன் உள்ளே உட்கார்ந்திருப்பது போலத்தான்.

குளிர்நாடுகளில் பல கட்டடங்களில் தரைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது நுரை அடுக்கு ஒன்றைப் போடுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான குடியிருப்புகளில் தளத்தின் மேல் சிமென்ட் கலவை, அதன் மேல் டைல்ஸ், அவ்வளவுதான். வெப்பத்துக்கும் துடைப்பதற்கும் டைல்ஸ் வசதி என்பதால் கம்பளம் விரிக்கும் வழக்கமும் இல்லை. ஆக, மேல்வீட்டார் இயல்பாக வாழ்ந்தாலே கீழே கேட்கும். அவர்களுக்கோ அது தெரியவே தெரியாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர்கள்மேல் வரும் கோபத்தில் பாதி குறையும். அந்தப் பாதி, கட்டடம் கட்டியவரைச் சேர வேண்டியது.

சத்தம் நேர் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

மேலே போவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கான்கிரீட்டில் அதிர்வு தூண் வழியாகவும் சுவர் வழியாகவும் பக்கவாட்டில் ஓடும். மூன்றாம் மாடி வடக்கு வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் முதல் மாடித் தெற்கு வீட்டுக்காரர் இரண்டாம் மாடிக்காரரைத் திட்டுவார். எங்கள் குடியிருப்பில் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு மேலே ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்பதாகப் பல நாள் சொன்னார். மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் அது கேட்டது. குழாயை அடைக்கும்போது தண்ணீர் சட்டென்று நின்று குழாயைச் சுவரோடு மோதும் ஓசை அது. சுவருக்குள் ஓடும் குழாயின் பிடி கழன்றிருந்தது.

பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த அறை, எந்த மாதிரிச் சத்தம். மோட்டார் போடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா, லிஃப்ட் ஓடும்போது வருகிறதா என்று பாருங்கள். பத்து நாள் எழுதிய பிறகு “எப்போதும் சத்தம்” என்பது “வாரத்தில் நான்கு நாள், இரவு பதினொன்றே காலுக்கு, படுக்கையறை மேல், கட்டில் இழுக்கும் சத்தம்” என்று மாறியிருக்கும். எப்போதும் என்று வரும் புகாருக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதினொன்றே காலுக்குக் கட்டில் என்றால் சொல்ல முடியும்.

முதலில் செயலாளரிடம் சொல்வதா, நேரே மேல்வீட்டுக்கே போவதா?

நேரே போங்கள். செயலாளராக இருந்தவள் சொல்கிறேன். என்னிடம் வந்த புகாரை நான் எடுத்துக்கொண்டு மேலே போனால், “எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சங்கத்துக்குப் போய்விட்டார்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்குப் பிறகு சத்தம் பின்னால் போய்விடும், மானம் முன்னால் வந்துவிடும். மேல்வீட்டில் முரட்டுத்தனமான ஆள் இருக்கிறார், குடித்துவிட்டுக் கத்துகிறார், நீங்கள் தனியாக வாழ்கிறவர் என்றால் மட்டும் முதலிலேயே செயலாளரையோ இன்னொரு வீட்டுக்காரரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். மறுநாள், அல்லது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில், வீட்டில் எல்லோரும் சாவகாசமாக இருக்கும் நேரத்தில் போங்கள். “உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால்தான் சொல்ல வந்தேன்” என்று ஆரம்பித்தால் எவரும் கதவைச் சாத்தமாட்டார். குறிப்பான ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நான்கு குறைகளை ஒரே நாளில் அடுக்க வேண்டாம்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு மேல்வீட்டில் ஓர் அக்கா இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். அவர் சமையலறைக்குக் கீழே என் சமையலறை. அதை ஒட்டிய அறையில்தான் நான் படுப்பேன். தலைமாட்டில் செம்பில் தண்ணீர் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து வைப்பது என் வழக்கம். அதிகாலை நாலரைக்கு அந்த டம்ளர் செம்பின் விளிம்பில் ‘கிண்கிண்’ என்று நடுங்கத் தொடங்கும். சுவரில் உள்ளங்கையை வைத்தால் கிரைண்டர் கல் சுற்றுவது கையில் தெரியும். டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுப்பேன். பிறகும் தூக்கம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். “கீழே வரைக்குமா கேட்கிறது? இரண்டு கதவையும் சாத்திவிட்டுத்தானே அம்மா அரைக்கிறேன்” என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “ஒரு நிமிடம் கீழே வாருங்கள் அக்கா” என்று அழைத்தேன். மகனைக் கிரைண்டரைப் போடச் சொல்லிவிட்டு என்னோடு இறங்கி வந்தார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டம்ளர் நடுங்கியது. அவர் கையை நீட்டி அதை அழுத்திப் பிடித்தார். “இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்றுதான் கேட்டார்.

அவருக்கு அது பிழைப்பு. ஏழு மணிக்குக் கடையில் மாவு இருக்க வேண்டும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவராலும் முடியாது. பழைய டயர்க் கடையில் கனமான ரப்பர்த் துண்டுகள் வாங்கி, கிரைண்டரின் கால்களுக்கு அடியில் இரண்டு அடுக்காக வைத்தோம். சுவரை ஒட்டி இருந்ததை ஒரு சாண் தள்ளி வைத்தார். நாலரை மணி ஐந்தரை மணியானது. இன்றும் மெல்லிய ரீங்காரம் கேட்கத்தான் செய்கிறது. டம்ளர் நடுங்குவதில்லை, நான் தூங்கிவிடுகிறேன்.

ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மேல்வீட்டாரைக் கீழே அழைத்து வந்து உங்கள் அறையில் உட்கார வையுங்கள். ஆயிரம் வார்த்தை சொல்லிப் புரியாதது அங்கே இரண்டு நிமிடத்தில் புரியும்.

குழந்தைகள் ஓடுகிறார்கள். குழந்தையை எப்படி நிறுத்தச் சொல்வது?

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஓடாத குழந்தைக்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும். நேரத்தையும் இடத்தையும் மட்டும் பேசலாம். இரவு ஒன்பதரைக்கு மேல் கூடத்தில் பந்து வேண்டாம், குதிக்கும் இடத்தில் தடிமனான நுரைப்பாய் ஒன்று விரிக்கலாம். எண்களைப் பதித்துக் கோர்த்து விரிக்கும் நுரைப்பாய்கள் பொம்மைக் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் குழந்தையிடம் கொடுத்தால் என்ன? எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டி அப்படித்தான் செய்தார். அதன் பிறகு அந்தப் பையன் படியில் அவரைப் பார்த்தால், “பாட்டி, நேற்று நான் குதித்தது கேட்டதா?” என்று விசாரிப்பான்.

நாற்காலி, கட்டில், மேசை இழுக்கும் சத்தத்துக்கு?

கால்களுக்கு ரப்பர் உறை அல்லது ஒட்டும் கம்பளித் துண்டு. ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள், சில்லறைச் செலவு. ஆறேழு மாதத்தில் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். மேல்வீட்டார் ஒப்புக்கொண்டால் ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். “வாங்குகிறேன்” என்றவர்கள் பலர் மறந்துபோவார்கள்.

துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டலாமா?

வேண்டாம். அந்த அதிர்வு மேலே மட்டும் போகாது. பக்கத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கேட்கும். மறுநாள் புகார் உங்கள்மேல் வரும்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

கூடாது. நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் அவருக்குத் தன்னைக் காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. குறையை ஒப்புக்கொள்ள நினைத்தவர்கூட அங்கே மறுத்துத்தான் பேசுவார். குழுவில் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இதனால் ஐந்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் எங்கள் குடியிருப்பில் இருக்கின்றன.

மேலே பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. கலை என்பதால் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

கலையை மதிப்பது வேறு, தினமும் மாலை பதினைந்து குழந்தைகள் ஒரே தாளத்தில் தட்டடவு போடும் தளத்துக்குக் கீழே வாழ்வது வேறு. தயங்க வேண்டாம். வீட்டுப் பிள்ளை சாதகம் செய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பு என்றால் அது குடியிருப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது. பெரும்பாலான சங்கங்களின் துணை விதிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், எடுத்துப் படியுங்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கோ சங்கக் கூடத்துக்கோ மாற்ற முடியுமா என்று கேட்பது நல்ல முடிவைத் தரும். தரைத்தளம் மண்மேல் நேரே அமைந்திருந்தால் கீழே யாருக்கும் தொல்லை இல்லை.

மேலே இருப்பவர் வாடகைக்காரர். பேசிப் பார்த்தும் கேட்கவில்லை.

வீட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். அந்தப் பத்து நாள் குறிப்பையும் இணையுங்கள். ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: “திருமணம் ஆகாத பையன்கள், அதனால்தான்” என்ற பேச்சை எடுக்காதீர்கள். எங்கள் குடியிருப்பிலேயே மிகவும் அமைதியான வீடு, இரவுப் பணிக்குப் போகும் மூன்று இளைஞர்கள் இருந்த வீடுதான்.

சங்கத்தால் என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. சங்கமும் அதன் துணை விதிகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. துணை விதியில் அமைதி நேரம், பழுதுபார்க்கும் வேலைக்கான நேரம் ஆகியவற்றைப் பொதுக்குழுவில் சேர்க்கலாம். எங்கள் வீடுகளில் சுவர் உடைப்பதும் டிரில்லர் போடுவதும் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, பிற்பகல் இரண்டு மணி நேரம் இடைவெளி, ஞாயிறு கிடையாது என்று வைத்தோம். ஒரு தனி வீட்டைக் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் எவரும் எதிர்ப்பதில்லை. தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற தண்டனைகளில் எந்தச் சங்கமும் இறங்கக் கூடாது. அது சட்டப்படி சங்கத்தைத்தான் சிக்கலில் மாட்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? காவல் துறையை அழைக்கலாமா?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒலி மாசு விதிகள், 2000 நாடு முழுவதற்கும் பொருந்தும். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும் என்பதை வைத்து இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளலாம். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில், இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவில் இயக்கவும் தடை உண்டு. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தன் வீட்டில் அமைதியாக இருப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது.

இரவு பன்னிரண்டுக்கு ஸ்பீக்கர் அலறும் விருந்து என்றால் 100 அல்லது 112க்கு அழைக்கலாம், அழைக்க வேண்டும். காவலர் வந்தாலே பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். ஆனால் மேற்சொன்ன விதிகள் ஒலிபெருக்கி, ஹாரன், இயந்திரம், வெடி போன்றவற்றை நினைத்து எழுதப்பட்டவை. குதிகால் ஊன்றி நடப்பதற்கும் கட்டில் இழுப்பதற்கும் அவை சரியாகப் பொருந்தா. அதற்குக் காவல் நிலையம் போனால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித்தான் அனுப்புவார்கள். பல மாதமாகத் தொடரும் தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கலாம். அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பூசல்களைச் சமரசமாகத் தீர்ப்பதற்கு 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டத்திலும் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்திருக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசிச் செயலியில் அளந்தேன். முப்பத்தெட்டு டெசிபல்தான் காட்டுகிறது. ஆனால் நெஞ்சே அதிர்கிறது.

இரண்டுமே உண்மை. அந்த அளவுகோல், மனிதக் காது குறைவாக உணரும், சுருதி தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு கழித்துவிட்டுக் கணக்கிடுகிறது. குதிகால் ஊன்றும் ‘தொம் தொம்’ சுருதி தாழ்ந்த ஒலி. அதன் பெரும்பகுதி கணக்கில் வராமலே போய்விடும். கைப்பேசி மைக்கும் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. எனவே அந்த எண்ணைக் காட்டி வழக்காட வேண்டாம். நேரக் குறிப்பும் இன்னொருவரின் நேரடிச் சாட்சியும்தான் அதிகம் எடுபடும்.

என் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் தீருமா?

சாதாரண ஜிப்சம் சீலிங்கால் பெரிய பலன் இல்லை. கம்பிகள் நேராகக் கான்கிரீட்டில் திருகப்பட்டிருப்பதால் அதிர்வு அவற்றின் வழியே இறங்கிவிடும். அதிர்வை விழுங்கும் ரப்பர்த் தொங்கிகளும், உள்ளே கனமான பஞ்சுப்பாளமும், இரட்டைப் பலகையும் வைத்தால் ஓரளவு குறையும். செலவு அதிகம், கூரையும் தாழும், சுவர் வழியாக வருவது அப்படியே இருக்கும். ஐந்நூறு ரூபாய்ப் பாயை மேலே விரிப்பது, பெருஞ்செலவில் கீழே செய்வதைவிடப் பலன் தரும் என்பதுதான் இதில் உள்ள வேதனை. மேல்வீட்டாரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது தீராது. தூங்கும் அறையை மாற்ற முடிந்தால் முதலில் அதைச் செய்து பாருங்கள். ஓடும் மின்விசிறியின் சீரான இரைச்சல் சிறு சத்தங்களை மூடிவிடும்.

நான் மேல்வீட்டில் இருக்கிறேன். கீழ்வீட்டார் ஓயாமல் குறை சொல்கிறார்கள்.

ஒரு முறை கீழே போய் அவர்கள் அறையில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபின் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள்: வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு, நாற்காலிக்கு ரப்பர், உரலுக்கும் அம்மிக்கும் கீழே மடித்த சாக்கு, இரவு பத்துக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரம் வேண்டாம். இதெல்லாம் செய்த பிறகும் பகலில் நடப்பதற்கே குறை வந்தால், தவறு உங்களுடையதல்ல. உங்கள் வீட்டில் நீங்கள் நடக்கத்தான் வேண்டும். அதைப் பணிவாக, ஒரே முறை, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மேலே கேட்பது அடிக்கும் சத்தமும் அழுகையும். தலையிடலாமா?

இதை மற்றக் கேள்விகளோடு சேர்க்கவே கூடாது. அது குடும்ப விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்து என்றால் 112. போய் அழைப்புமணியை அடித்து, “கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?” என்று கேட்டாலே அந்த நிமிடம் கை நின்றுவிடும். தனியாகப் போக வேண்டாம்.

வேறு வீடு பார்க்கிறோம். இந்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?

பகல் பன்னிரண்டு மணிக்கு வீடு பார்க்காதீர்கள். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை போய்ப் படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் நில்லுங்கள். தரகர் பேசிக்கொண்டே இருப்பார், வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். மேல்வீட்டுச் சமையலறையும் ஊஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். மேல்மாடி வீட்டை எடுத்தால் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் பிரஷர் பம்பும் லிஃப்ட் மோட்டாரும் எந்த அறைக்கு நேர் மேலே நிற்கின்றன என்று அங்கேதான் தெரியும்.